துணி துவைத்தது யார் என்பதைத் தாண்டி: தோரோவின் ‘வால்டன்’ படித்தவர்கள் வாருங்கள்

கன்னங்குறிச்சி வாசகன்

அமெரிக்க எழுத்தாளர் தோரோ, மாசசூசெட்ஸில் வால்டன் என்ற குளத்தின் கரையில் குடிசை போட்டு வாழ்ந்ததைப் பற்றி எழுதிய புத்தகம் ‘வால்டன்’. இதைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் மூன்றாவது நிமிடத்தில் ஒருவர், “காட்டில் தனியாக வாழ்ந்தாராம், அழுக்குத் துணியை மட்டும் வீட்டுக்கு அனுப்பினாராம்” என்று சொல்லிச் சிரித்துவிடுகிறார். பேச்சு அத்தோடு படுத்துவிடுகிறது. அதனால்தான் தலைப்பிலேயே வேலி போட்டிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற கணக்கன். முப்பத்தொரு வருடம் பேரேடும் ரொக்கப் புத்தகமும் எழுதிய கை. சென்ற ஐப்பசியிலிருந்து தை வரை ஏற்காட்டில், நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் காலியாகக் கிடந்த பழைய ரைட்டர் குவார்ட்டர்ஸில், அதாவது தோட்டத்துக் கணக்கெழுதுபவரின் வீட்டில், தங்கினேன். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஓட்டுக் கூரை. கையோடு எடுத்துப்போனது இந்த ஒரு புத்தகம். இளமையில் இரண்டு முறை தொடங்கி, முதல் அத்தியாயம் முடியும் முன்பே மூடிவைத்தது. குளம், பறவை, பனி என்று எதிர்பார்த்துப் போனால் மனிதர் பக்கம் பக்கமாகச் செலவுக் கணக்குப் பேசுகிறார். இருபது வயதில் அது சலிப்பு. இப்போது அதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

1845 ஜூலை 4ஆம் தேதி தோரோ குளக்கரைக்குக் குடிபோகிறார். 1847 செப்டம்பர் 6 வரை இரண்டு வருடம், இரண்டு மாதம், இரண்டு நாள். நிலம் நண்பரும் எழுத்தாளருமான எமர்சனுடையது. வீடு பத்தடிக்குப் பதினைந்தடி. மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். அந்த அரை சென்டைக்கூட விடவில்லை, கவனியுங்கள். பலகை 8.03½, பழைய செங்கல் ஆயிரம் 4.00, கண்ணாடியோடு பழைய ஜன்னல் இரண்டு 2.43, ஆணி 3.90, தாழ்ப்பாள் பத்து சென்ட், சாக்கட்டி ஒரு சென்ட். சுண்ணாம்புக்கு எதிரே ‘விலை அதிகம்’ என்று ஒரு குறிப்பு. சாந்தில் கலக்கும் ரோமத்துக்கு எதிரே, தேவைக்கு மேல் வாங்கிவிட்டேன் என்ற பொருளில் இன்னொரு குறிப்பு. தணிக்கை அதிகாரி கேட்கும் முன்பே தன் பிழையைத் தானே எழுதிவைக்கும் குமாஸ்தாவை என் பணிக்காலம் முழுவதும் நான் பார்த்ததில்லை.

சேலம், ஏற்காடு, ஆத்தூர், வாழப்பாடி பக்கம் இருந்துகொண்டு இதைப் படித்தவர்கள் எந்த இடத்தில் நின்றீர்கள்? எங்கே கோபம் வந்தது? புகழ்பவர்களும் வரலாம். ‘இயற்கையோடு இயைந்த வாழ்வு’ என்ற சொற்றொடரை மட்டும் அடிவாரத்திலேயே இறக்கிவைத்துவிட்டு ஏறுங்கள்.

குகை டீச்சர்

வேலியைத் தாண்டத்தான் போகிறேன் ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள். துணி விஷயத்தை எல்லோரும் சிரித்து முடித்துவிடுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அது ஊர்வம்பு அல்ல, புத்தகத்திலேயே இருக்கிறது. எட்டு மாதச் சாப்பாட்டுச் செலவு 8 டாலர் 74 சென்ட் என்று காட்டுகிறார். மற்றவற்றையும் வரிசையாகப் போடுகிறார். துவைப்பதும் கிழிசல் தைப்பதும் பெரும்பாலும் வெளியே நடந்தது, அதற்கான பில் இன்னும் வரவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

நீங்கள் கணக்கர். 1854இல் அச்சான புத்தகம். இத்தனை வருடமாக வராத பில்லை எந்தத் தலைப்பின்கீழ் காட்டுவீர்கள்?

எங்கள் வீட்டில் தறி இருந்தது. அப்பா தறிக்குழியில் உட்காருவார். விடியற்காலை நாலரை மணிக்கு அம்மா ராட்டையின் முன் உட்கார்ந்து, தறி நாடாவுக்குள் போடும் நூலைத் தாராகச் சுற்றத் தொடங்குவார். அந்தத் தார் இல்லாமல் நாடா ஓடாது, நாடா ஓடாமல் சேலை வராது. கூலி மட்டும் அப்பா பெயரில் வரும். அம்மா சுற்றிய தாருக்குத் தனியாக ஒரு காசு என்று எந்த நோட்டிலும் எழுதிப் பார்த்ததில்லை. அந்த வரியைப் படித்ததும் பென்சிலால் அடிக்கோடிட்டேன். நான் நின்ற இடம் அது.

அடிக்குறிப்பு

டீச்சர் பென்சில் என்று எழுதியதும் எனக்கு வாய் அரிக்கிறது. தோரோவின் அப்பா தொழிலே பென்சில் தயாரிப்பது. கிராபைட்டோடு களிமண் கலந்து அந்தப் பென்சிலின் தரத்தை உயர்த்தியது மகன். மனிதரைக் காட்டுவாசி என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. குடிபோவதற்கு முந்தைய வருடம், 1844இல், மீன் சமைக்க அவர் மூட்டிய நெருப்பு பரவி, அவர் ஊரான கான்கார்டின் காட்டில் ஏறத்தாழ 300 ஏக்கர் எரிந்துபோனது. ஊரில் சிலர் அவரைக் ‘காடெரித்தவன்’ என்றே கூப்பிட்டார்கள். வால்டனில், காடு எரிந்தால், தற்செயலாக நானே எரித்திருந்தாலும், வருந்தினேன் என்று போகிற போக்கில் ஒரு வரி மட்டும்தான். சில வருடம் கழித்து நாட்குறிப்பில் எழுதினார். அரை சென்டுக்குக் கணக்கு வைத்தவர், 300 ஏக்கரைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

ஐந்து ரோடு

நான் சிரித்த இடம் ரயில் டிக்கெட். முப்பது மைல் தூரத்து ஊருக்கு டிக்கெட் 90 சென்ட், அது ஏறக்குறைய ஒரு நாள் கூலி. நான் இப்போதே நடக்கத் தொடங்கி இரவுக்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன், நீ முதலில் டிக்கெட்டுக்குக் கூலி வேலை செய்துவிட்டு நாளைக்கு வா என்கிறார். இந்தக் கணக்கை நம்பி நண்பர்கள் நான்கு பேர் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவு. பதினொன்றாவது வளைவில் ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வந்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறினோம். இன்றைய பஸ் டிக்கெட்டுக்கு ஒரு நாள் கூலி தேவையில்லை, ஒரு டீயும் தட்டுவடை செட்டும் போதும். கணக்கு தலைகீழாகிவிட்டது.

களத்துமேடு

என் அம்மா ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில் நாற்பது வருடம் காப்பிப் பழம் பறித்தவர். நான் லைன் வீட்டில், தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், பிறந்தவன். இப்போது கீழே சூரமங்கலத்தில் குடியிருக்கிறேன்.

ஐயா பட்டியலில் பலகை 8.03½ என்று போட்டிருக்கிறார். அந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதியிருக்கலாம். ரயில்பாதையில் வேலை செய்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ஐரிஷ்காரரின் குடிசையை தோரோ 4 டாலர் 25 சென்டுக்குப் பேசி முடிக்கிறார். மறுநாள் காலை ஐந்து மணிக்குள் அவர்கள் காலி செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. ஆறு மணிக்கு அந்தக் குடும்பத்தைச் சாலையில் பார்க்கிறார். சொத்து முழுவதும் ஒரே மூட்டை: படுக்கை, காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷின், முகம் பார்க்கும் கண்ணாடி, கோழிகள். பூனை மட்டும் கூட வரவில்லை. அது காட்டுக்குள் ஓடி, பிறகு ஒரு பொறியில் மாட்டிச் செத்தது. பூனைக்கு என்ன ஆனது என்று பிற்பாடு தெரிந்துகொண்டு எழுதியவர், அந்தக் குடும்பம் எங்கே போனது என்று எழுதவில்லை.

லைன் வீட்டைக் காலி செய்யும்போது மூட்டை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு வேலை முடிந்த மாதம் நாங்களும் விடியற்காலையில்தான் இறங்கினோம். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு அலுமினியக் குண்டான், காமாட்சி விளக்கு, சாக்கில் கட்டிய அம்மிக் குழவி. அம்மிக்கல்லைத் தூக்க முடியாமல் அங்கேயே விட்டுவிட்டோம். குழவியை மட்டும் ஏன் எடுத்துவந்தோம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பிறகு ஜான் ஃபீல்ட் வருகிறார். நான் புத்தகத்தைச் சுவரில் எறிந்தது அங்கேதான். மழைக்கு ஒதுங்கிய குடிசை, கூரை ஒழுகுகிறது, கோழிகள் உள்ளேயே உலாத்துகின்றன. அந்த மனிதர் சதுப்பு நிலத்தை மண்வெட்டியால் கொத்தித் திருப்புகிறார், ஏக்கருக்கு 10 டாலர். அவரை உட்காரவைத்து தோரோ பாடம் நடத்துகிறார். நான் டீ, காப்பி, வெண்ணெய், பால், இறைச்சி எதையும் தொடுவதில்லை, அதனால் அவற்றுக்காக உழைக்கவும் வேண்டியதில்லை. நீ இவற்றில் தொடங்குகிறாய், அதனால்தான் முறிய முறிய உழைக்கிறாய். இதுதான் பாடம்.

எங்களிடம் காப்பியை விட்டுவிடு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மார்கழிப் பனியில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, சிவந்த பழத்தை மட்டும் காம்பு முறியாமல் கிள்ள வேண்டும். பச்சைக்காய் கலந்துவிட்டால் கங்காணி சாக்கைத் தரையில் கொட்டிப் பொறுக்கவைப்பார். மாலையில் அளந்து போட்டுவிட்டு வெறுங்கையோடு வருவார்கள். வீட்டுக்கு வந்தது மரத்தடியில் உதிர்ந்து கறுத்த பழம். அம்மா அதைக் காயவைத்து, உரலில் குத்தித் தொலி புடைத்து, இரும்புச் சட்டியில் தீய வறுப்பார். கருப்பட்டி போட்டுக் கொதிக்கவிடுவார். பால் கிடையாது. பாலும் டிக்காஷனுமாக ஒரு நல்ல காப்பியை நான் முதலில் குடித்தது பதினேழு வயதில், சேலம் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்.

எறிந்த புத்தகத்தை ஒரு வருடம் கழித்து ஏன் எடுத்தேன் என்றால், முதல் அத்தியாயத்தில் ஒரு வரி விடாமல் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு பொருளின் விலை என்பது அதற்கு ஈடாக நாம் கொடுக்கும் வாழ்நாள் என்கிறார். அம்மா சேலைக் கடையில் விலை கேட்டதும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார். பிறகு “இது பதினொரு நாள்” என்பார். தீபாவளிக்கு எனக்கு எடுத்த கால்சட்டை மூன்று நாள். ரூபாயில் அவர் பேசவே மாட்டார். ஹார்வர்டில் படித்தவர் இரண்டு வருடம் குளக்கரையில் உட்கார்ந்து கண்டுபிடித்ததை அம்மா சாக்கு சுமந்து கண்டுபிடித்திருந்தார். அந்த ஒரு வரிக்காக தோரோவை மன்னித்தேனா என்று கேட்காதீர்கள், நாளைக்கு நாள் மாறுகிறது.

பனிமூட்டம்

மேலே இருக்கும் பதிவுக்குப் பிறகு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு இருபத்தொன்பது வயது, சொந்த ஊர் அம்மாபேட்டை, பெங்களூரில் மென்பொருள் வேலை. இந்தப் புத்தகத்தைப் படித்ததிலிருந்து ஏற்காட்டில் இருபத்தைந்து சென்ட் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். சிறிய வீடு, கொஞ்சம் மிளகு, கொஞ்சம் காய்கறி. இது வெறும் மோகமா? நேர்மையாகச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

குச்சிக்காடு

தம்பி, திட்ட மாட்டேன், கணக்குச் சொல்கிறேன். நான் வாழப்பாடிப் பக்கம் குச்சிக்கிழங்கு போடுகிறவன். மரவள்ளி என்று எழுதினால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும்.

தோரோ இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் அவரை போட்டார். வரவு 23 டாலர் 44 சென்ட். செலவு 14.72½. மிச்சம் 8.71½. விடியற்காலை ஐந்து மணிக்கே களைக்கொட்டோடு இறங்கியிருக்கிறார், அதில் எனக்கு மரியாதை உண்டு. கால் ஏக்கரை வுட்சக் என்னும் கொறிக்கும் பிராணி சுத்தமாகத் தின்றுவிட்டது. எனக்குக் காட்டுப்பன்றி. ஒரே இரவில் இருபது பாத்தியைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகும், தின்பது பாதி, மிதிப்பது பாதி. தன் பயிரை மேய்ந்த வுட்சக் ஒன்றைத் தோரோ கொன்று தின்றே பார்த்தார். நான் அதைச் செய்தால் வனத்துறை வரும்.

அவருடைய கணக்கில் இல்லாத ஒன்று எங்கள் கணக்கில் இருக்கிறது. குச்சிக்கிழங்கு ஒன்பது, பத்து மாதம் மண்ணுக்குள் கிடக்கும். எடுத்து ஆலைக்கு ஏற்றிப்போனால் எடைக்கு மட்டும் விலை கிடையாது, மாவுச்சத்துக்கு விலை. அதைப் ‘பாயிண்ட்’ என்போம். ஆலையில் சாம்பிள் எடுத்துப் பார்த்து, இத்தனை பாயிண்ட் என்பார்கள். மழை பெய்த வாரத்தில் எடுத்தால் பாயிண்ட் இறங்கும். லாரி வாசலில் நிற்கிறது, கிழங்கு இரண்டு நாளில் கறுக்கத் தொடங்கும், நீங்கள் பேரம் பேசிப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு மாவுப்பூச்சி விழுந்து நுனியெல்லாம் கொத்தாகச் சுருங்கிப்போனது. அந்த வருடம் என் மிச்சம் 8.71½ ரூபாய்கூட இல்லை.

அவர் அடுத்த வருடம் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு மட்டும்தான் பயிர் வைத்தார், அதுவே தனக்குப் போதும் என்றார். விற்பதற்கு விளைவிப்பதை நிறுத்திவிட்டார். அவரால் முடிந்தது. பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டியவனால் முடியாது.

இடம் வாங்குவது பற்றி: அவரே வாங்கவில்லை தம்பி. ஒரு பண்ணையை விலை பேசி முடிக்கும் நேரத்தில் உரிமையாளரின் மனைவி மனம் மாறிவிட்டார். பேச்சை முறித்துக்கொள்ள உரிமையாளர் பத்து டாலர் தர முன்வந்தபோது, உண்மையில் தன்னிடம் இருந்தது பத்து சென்ட்தான் என்று எழுதுகிறார். நிலம் வாங்காமல் போனதை இவ்வளவு சந்தோஷமாக எழுதிய ஆளை நான் வேறெங்கும் படித்ததில்லை. நீங்களும் முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். அதில் ஐப்பசி, கார்த்திகை கண்டிப்பாக இருக்க வேண்டும்.

கன்னங்குறிச்சி வாசகன்

இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. டீச்சர் கேட்ட கேள்வி ஒரு வேலை வைத்துவிட்டது.

ஏற்காட்டில் இருந்த நான்கு மாதமும் நான் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதினேன். பழக்கம் விடாது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி. தீப்பெட்டி தனித் தலைப்பாகவே வந்துவிட்டது, ஈரத்தில் குச்சிகள் நமத்துப்போய் பாதிப் பெட்டி வீணாகும், சாக்கட்டி போல் எல்லாம் ஈரம் குடிக்கும் ஊர். பக்கத்து லைன் வீட்டில் ஓர் அம்மாள். என்னைவிட வயதில் இளையவர், ஆனால் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். காலையில் என் வாசலையும் சேர்த்துப் பெருக்கிவிடுவார். வாரம் ஒரு முறை கீரை கொண்டுவந்து வைப்பார். மோட்டார் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற்றுவதும் அவர் வீட்டுப் பையன்தான். காட்டெருமை இறங்கிய இரவுகளில், வெளியே வராதீர்கள் என்று குரல் கொடுத்ததும் அவர்தான். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் பத்தடி தூரத்தில் சுவர் போல ஒரு முதுகு நிற்கும்.

டீச்சர் பதிவைப் படித்துவிட்டு அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான்கு மாதம், நாற்பத்தாறு பக்கம். தீப்பெட்டி இருக்கிறது. அக்கா இல்லை. ஒரு வரி இல்லை. நான் நேர்மையான கணக்கன் என்று பெயர் வாங்கியவன்.

நண்பர்கள் மேலே வந்தால், “அடடா, காட்டுக்கு நடுவில் இருக்கிறீர்கள்” என்பார்கள். காடு எங்கே இருக்கிறது? காப்பி 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்தது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம். அதன்மேல் ஏறும் மிளகு ஒன்றுதான் நமக்குப் பழக்கமான கொடி. நாம் பார்த்து மயங்குவது காடு அல்ல, ஒருவர் கவாத்துச் செய்து, களை எடுத்து, குழி வெட்டி வைத்திருக்கும் தோட்டம். வால்டனும் அப்படித்தான், குளத்தின் ஓரமாகவே ரயில் போனது, அதன் ஊதல் புத்தகம் முழுவதும் கேட்கிறது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை வளைவுகளில் கார் ஹாரன்.

திருவல்லிக்கேணி மருமகள்

பிறந்தது செவ்வாய்ப்பேட்டை, வாழ்க்கைப்பட்டது சென்னைக்கு. இந்த இழையில் யாரும் இன்னும் ஐஸைத் தொடவில்லையே!

குளிர்காலத்தில் வால்டன் குளம் உறைந்ததும் நூறு ஐரிஷ் கூலியாட்கள் மேஸ்திரிகளோடு வந்து பனிக்கட்டி வெட்டுகிறார்கள். நல்ல நாளில் ஆயிரம் டன். அதைப் பார்த்துவிட்டு, சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் என் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எழுதுகிறார். அந்த வரியை வாசித்தபோது மெரினாவுக்கு நேர் எதிரே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஐஸ் ஹவுஸ். 1842இல் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க ட்யூடர் கம்பெனி கட்டிய வட்டக் கட்டடம், இன்று விவேகானந்தர் இல்லம். உடம்பு சிலிர்த்துவிட்டது. மாசசூசெட்ஸில் ஒரு குளம், நடுவில் நான்கு மாதக் கப்பல் பயணம், இங்கே யாரோ ஒரு துரையின் கிளாஸ்.

அடிக்குறிப்பு

சிலிர்ப்பைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். அவரே அடுத்தடுத்த பத்திகளில் சொல்கிறார்: 1846–47 குளிர்காலத்தில் வெட்டிக் குவித்தது ஏறத்தாழ பத்தாயிரம் டன் என்று மதிப்பு. வைக்கோலும் பலகையும் போட்டு மூடினார்கள். அடுத்த ஜூலையில் திறந்து ஒரு பகுதியைத்தான் கொண்டுபோனார்கள். மிச்சம் வெயிலில் கிடந்து, 1848 செப்டம்பரில்தான் முழுவதும் கரைந்தது. பெரும்பகுதி குளத்துக்கே திரும்பிவிட்டது. சென்னைக்கு நியூ இங்கிலாந்து ஐஸ் வந்தது உண்மை. தோரோ பார்த்த அந்தக் குவியல் வந்ததா என்றால், கற்பனைக்குத்தான் நன்றாக இருக்கிறது.

திருவல்லிக்கேணி மருமகள்

உங்களை யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்களா?

குகை டீச்சர்

சண்டை வேண்டாம். எனக்கு அரிசி நினைவுக்கு வருகிறது. இந்தியத் தத்துவத்தை இவ்வளவு நேசிக்கும் நான் முக்கியமாக அரிசியில் உயிர்வாழ்வது பொருத்தம்தான் என்கிறார். கீதையை விரும்பிப் படித்தவர். படிக்கும்போது சந்தோஷமாக இருந்தது. பிறகு யோசித்தேன். அன்று அமெரிக்காவில் நெல் பெரும்பாலும் விளைந்தது தென் கரோலினா, ஜார்ஜியா பகுதிகளின் தாழ்நில வயல்களில். அந்தச் சேற்றை மிதித்தவர்கள் அடிமைகள். அடிமை முறைக்குத் துணைபோகும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று 1846இல் ஓர் இரவு சிறையில் இருந்த மனிதரின் தட்டில் அந்த அரிசி. அவரைக் குற்றம் சொல்லவில்லை. நானும் கடையில் வாங்கும் அரிசியை யார் நட்டது என்று கேட்டு வாங்கியதில்லை.

நம்மிடம் இதே பேச்சு பழையது. உண்பது நாழி, உடுப்பவை இரண்டே என்று நக்கீரனார் பாடிய புறநானூற்றுப் பாட்டைப் பத்தாம் வகுப்புக்கு இருபது வருடம் நடத்தினேன். அரசனுக்கும் இரவெல்லாம் தூங்காமல் வேட்டைக்கு அலைபவனுக்கும் அதே நாழி, அதே இரண்டு துணி. பாட்டு அத்தோடு நிற்காது, செல்வத்தின் பயன் கொடுப்பது என்று போகும். தோரோவிடம் அந்தப் பாதி இல்லை. தர்மம் செய்வது தனக்குச் சரிப்படவில்லை என்று நேராகவே எழுதிவிடுகிறார். அந்த ஒளிவுமறைவின்மை எனக்குப் பிடித்திருக்கிறது, கருத்து பிடிக்கவில்லை.

அடிக்குறிப்பு

சிறையிலிருந்து மறுநாளே வெளியே வந்துவிட்டார், யாரோ வரியைக் கட்டிவிட்டதால். அவருடைய அத்தை மரியா என்றே பலரும் கருதுகிறார்கள். டீச்சர், உங்கள் பட்டியலில் இன்னொரு வரி. ஆனால் ஒன்று, அந்த ஓர் இரவைப் பற்றிய கட்டுரை 1849இல் அச்சாகி, பிற்பாடு தென்னாப்பிரிக்காவில் காந்தியின் கைக்குப் போனது. அதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

களத்துமேடு

போன ஞாயிற்றுக்கிழமை ஜான் ஃபீல்ட் அத்தியாயத்தை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். எண்பது வயது நெருங்குகிறது, காது சற்று மந்தம். மழை, ஒழுகும் கூரை, கோழி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். காப்பியை விடு என்ற இடம் வந்ததும் அம்மாவுக்குக் கோபம் வரும் என்று நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. “அத்தனை நேரம் பேசிய மனிதருக்கு அந்த வீட்டுப் பெண் குடிக்க ஏதாவது கொடுத்தாளா?” என்று கேட்டார்.

எனக்கு நினைவில்லை. திரும்பிப் புரட்டினேன். கொடுத்திருக்கிறாள்! கிளம்பும்போது அவரே தண்ணீர் கேட்கிறார். கிணறு தூர்ந்து கிடக்கிறது, கயிறு அறுந்து வாளி உள்ளேயே போய்விட்டது. உள்ளே ஏதோ கலந்து பேசி, பாத்திரம் தேடி, வெகுநேரம் கழித்துத் தண்ணீர் வருகிறது. ஆறவும் இல்லை, தெளியவும் இல்லை. கஞ்சி போல இருந்தது என்கிறார். கண்ணை மூடிக்கொண்டு, மிதக்கும் தூசியை உதட்டால் ஒதுக்கிவிட்டு, அந்த உபசாரத்துக்காக மனதாரக் குடிக்கிறார்.

நான்கு முறை படித்தும் இதை நான் கவனிக்கவில்லை. கோபத்தில் அந்தப் பக்கத்தைத் தாண்டியிருக்கிறேன்.

“கண்ணை மூடிக்கொண்டாவது குடித்தாரே” என்றார் அம்மா. பிறகு, நம் லைனுக்கு வந்த டாக்டர் ஒருநாளும் குடித்ததில்லை என்றும் சொன்னார்.

குச்சிக்காடு

அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள் தம்பி.

கன்னங்குறிச்சி வாசகன்

ஒரு வேலையை முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். தோரோ குடிசை கட்ட ஒரு கோடாலியை இரவல் வாங்கினார், வாங்கியதைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுத்தேன் என்று பெருமையாக எழுதியிருப்பார். நான் அக்காவிடம் கவாத்துக் கத்தி இரவல் வாங்கி, வேலியோரம் முள்ளை வெட்டுகிறேன் என்று பாறையில் போட்டு முனையை மழுக்கி, காலி செய்யும் அவசரத்தில் என் பையோடு கன்னங்குறிச்சிக்கே கொண்டுவந்துவிட்டேன். அதுவும் நோட்டில் இல்லை.

சாணை பிடிக்கக் கொடுத்து, செய்தித்தாளில் சுற்றி, நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் பொட்டலத்தைப் பார்த்தார், என் நரைத்த தலையைப் பார்த்தார், பேசாமல் டிக்கெட் கிழித்தார். அக்கா களத்தில் பழம் கிளறிக்கொண்டிருந்தார். கத்தியை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்து, கட்டைவிரலில் லேசாகத் தடவினார். “யார் பிடித்தது? வாயை மெலிதாக்கிவிட்டானே. முதல் கிளையிலேயே பல் விழும்” என்றார். அதன் பிறகுதான் உட்காரச் சொன்னார்.

நான்கு மாதத்துக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். வெளியே வந்தபோது கையில் பால் போட்ட காப்பி. பணத்தைப் பற்றி மறுபடியும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. டீச்சர், இதை எப்படிப் பதிவு செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குகை டீச்சர்

‘நிலுவை’ என்று எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது பையனின் படிப்பைப் பற்றிக் கேளுங்கள், அதில் வழி கிடைக்கும். பணத்தை நேராக நீட்டினால் அவர்கள் வாங்க மாட்டார்கள்.

பனிமூட்டம்

இடம் தேடுவதை நிறுத்திவிட்டேன், ஆசையை நிறுத்தவில்லை. ஐயா, அந்த ரைட்டர் குவார்ட்டர்ஸ் இப்போது காலியாகத்தான் இருக்கிறதா? ஒரு வருடம் வாடகைக்குக் கிடைக்குமா?

கன்னங்குறிச்சி வாசகன்

நண்பரிடம் கேட்டுச் சொல்கிறேன் தம்பி. மேற்கு மூலையில் ஓடு நான்கு மாற்ற வேண்டும், தண்ணீர்க் குழாய் பனிக்காலத்தில் மக்கர் செய்யும். பங்குனியில் பூமழை, அதாவது காப்பியைப் பூக்கவைக்கும் மழை, பெய்து எட்டு, பத்து நாளில் ஒருமுறை வந்து பாருங்கள். செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும், மல்லிகை வாசம் அடிக்கும், அந்தச் சில நாட்களில் யாரும் எதற்கும் சரி என்று சொல்லிவிடுவார்கள், அதனால் அன்று முன்பணம் கொடுக்காதீர்கள். தீப்பெட்டியை டப்பாவில் போட்டு மூடிவையுங்கள். அக்காவிடம் கத்தி மட்டும் கேட்காதீர்கள்.